நாற்காலியின் முதுகு

"இருந்து பாருங்க அண்ணாச்சி" என்று கடைக்காரர் மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டார். நான் இன்னும் நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்கிறேன். மேலப்பாளையத்தில் பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கும் சிந்தா மதார் பாய், இடித்த வீடுகளிலிருந்து வந்த கதவு, தூண், கட்டில், அலமாரி எல்லாவற்றையும் ஒரு தகரக் கொட்டகைக்குள் அடுக்கி, நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு வழி விட்டிருக்கிறார். அந்த வழியில்தான் எனக்காக ஏழு நாற்காலிகளை இழுத்துப் போட்டிருக்கிறார். உட்காருவதற்கு என்ன, உட்காரலாம். யார் வேண்டாம் என்றது. ஆனால் கால் முன்பக்கம் போகமாட்டேன் என்கிறது. கை தானாகப் போய் முதுகுப் பலகையின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. முப்பத்தொரு வருஷமாக இந்தக் கை பிடித்தது நாற்காலிகளின் முதுகைத்தான். கோர்ட்டில் டவாலியாக இருந்தேன். வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. ஜட்ஜ் அய்யா அறையிலிருந்து வரும்போது முன்னால் வந்து சத்தம் கொடுத்துக் கூட்டத்தை எழுப்ப வேண்டும். அவர் மேடை ஏறியதும் நாற்காலியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், அவர் முழங்கால் மடங்குகிற நேரம் பார்த்து முன்னுக்குத் தள்ள வேண்டும். முந்தினால் காலில் இடிக்கும். பிந்தினால் ஜில்லாவுக்கே நியாயம் சொல்கிறவர் தரையில் கிடப்பார். ஒருவரையும் நான் தரையில் உட்கார வைத்ததில்லை, பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பது அவ்வளவுதான். நாலு மாசத்துக்கு முன்னால் பட்டையையும் வில்லையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். களைப்பை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை, அது என்னோடு வீட்டுக்கு வந்து, காலையில் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

"படிக்கிறதுக்குன்னு சொன்னீங்களே, என்ன படிக்கப் போறீங்க? பேப்பரா, புஸ்தகமா? அதப் பொறுத்துத்தான் நாற்காலி" என்கிறார் பாய். நல்ல கேள்விதான். ஒரே ஒரு கட்டுத் தாள் பாய் என்றேன். ஒரு கட்டுத் தாளுக்கா அண்ணாச்சி இம்புட்டுத் தேடுதீங்க என்று சிரித்தார். சிரிக்கட்டும். கட்டு என் மஞ்சள் பையில்தான் இருக்கிறது, நாற்காலிக்கு அளவு பார்க்கக் கொண்டு வந்தவன் போல இன்றைக்கு அதையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். தொண்ணூற்று நாலு பக்கம். பதினாலு வருஷத்துக்கு முன்னால் சொன்ன தீர்ப்பின் நகல், முத்திரை போட்டது. என் தம்பி பலவேசத்தின் வழக்கு. செங்கல் சூளையில் அவனுடைய கூட்டாளி தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார், கடைசியாகக் கூட இருந்தவன் இவன். ஆயுள் என்று தீர்ப்பாயிற்று, மதுரை ஹைகோர்ட் வரைக்கும் போயும் அதுவே நின்றது. இப்போது நன்னடத்தை என்று சொல்லி வருகிற வெள்ளிக்கிழமை விடுகிறார்கள். பத்து நாளைக்கு முன்னால் ஜெயிலிலிருந்து ஒரு கார்டு வந்தது. 'அண்ணனுக்கு, எனக்கு உன் வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஆனால் நீ தீர்ப்பைப் படித்துவிட்டு முடிவு செய். சம்மதம் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை ஜெயில் கேட்டுக்கு வர வேண்டாம். நான் புரிந்துகொண்டு வேறு பக்கம் போய்விடுவேன்.' அவ்வளவுதான் எழுதியிருந்தான். கார்டைக் கோமுவிடம் காட்டினேன். என் வீட்டுக்காரி வாசித்துவிட்டு, "ஒங்க தம்பி, நீங்க படிச்சுட்டுச் சொல்லுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள். சொல்லமாட்டேன் என்றவள் அன்றைக்கு ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள். இன்றைக்குச் செவ்வாய். வீட்டில் இருப்பதோ பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்து மூன்று தடவை கட்டை அவிழ்த்தேன். மூன்று தடவையும் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது. எதிரி பலவேசம், வயது 38, தகப்பனார் பெயர் சிவனணைந்த பெருமாள். கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்று பேர், ஆயிரம் தடவை கேட்டு மரத்துப்போன சொல்தான். தகப்பனார் பெயரில் தட்டிவிட்டது. அது என் தகப்பனார் பெயரும்கூட. அந்தப் பேரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன், கோமு என்னங்க என்றாள், ஒண்ணுமில்லை, நாற்காலி ஆடுது என்றேன். அப்படித்தான் இந்த நாற்காலி யோசனை வந்தது. தீர்ப்பு எழுதியவர் நல்ல கனமான நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்துதானே எழுதியிருப்பார், அதே மாதிரி உட்கார்ந்தால்தானே படிக்க முடியும் என்று எனக்கு நானே ஒரு சாக்குக் கண்டுபிடித்தேன். சாக்கு என்று தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் பஸ் ஏறினேன்.

முதலில் காட்டியது சாய்வு நாற்காலி. துணி புதிதாகப் போட்டிருந்தார். படுத்துக்கொண்டு படிக்கிற சமாச்சாரம் இல்லை இது, வேண்டாம். அடுத்தது கைப்பிடி நீண்ட தேக்கு, காலைத் தூக்கி அதன்மேல் போட்டுக்கொள்ளலாம் என்று பாய் செய்தே காட்டினார். அய்யோ, எனக்கு அது ஆகாது. ஒன்று சுழலும் நாற்காலி, சுழல்வதை நம்ப முடியாது, இழுக்கிறபோது முகம் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். நான் இழுப்பதை வைத்தே பார்க்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொன்றையும் பிடித்து ஒரு சாண் பின்னுக்கு இழுத்தேன், முன்னுக்குத் தள்ளினேன். கால் கிறீச்சிடுகிறதா, பின்கால் தரையில் மாட்டுகிறதா, முதுகுப் பலகை என் நெஞ்சு உயரத்துக்கு வருகிறதா. பாய் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "நாற்காலி வாங்க வந்தீங்களா, நாற்காலிக்குக் காவல் நிக்க வந்தீங்களா அண்ணாச்சி?" பின்னால் நின்று பார்க்கிறவனுக்கு உலகத்தில் தெரிவதெல்லாம் பிடரிதான். எத்தனை பிடரி பார்த்திருக்கிறேன். நரைத்தது, மழித்தது, பவுடர் போட்டது, காலர் அழுக்கானது. தண்டனை சொல்லப் போகிறார் என்பது எனக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே தெரிந்துவிடும், பிடரி கொஞ்சம் முன்னால் குனியும். கூண்டில் நிற்கிறவன் முகத்தை நான் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பது எப்படி என்று முதல் மாசத்திலேயே படித்துக்கொண்டேன். அய்யாவின் தலைக்கு மேலாகப் பார்த்தால் எதிர்ச்சுவரில் ஒரு கறை இருந்தது, மழைத் தண்ணீர் இறங்கின கறை, அதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். வருஷா வருஷம் வெள்ளையடிப்பார்கள், வருஷா வருஷம் கறை வந்துவிடும். எவ்வளவோ பேர் அழுதிருக்கிறார்கள், எனக்கு அந்தக் கறை மட்டும்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்படியும் ஒருத்தன் சம்பளம் வாங்கியிருக்கிறான்.

பலவேசத்துக்குத் தீர்ப்பு சொன்னது அடுத்த ஹாலில். இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எங்கள் அய்யா பதினோரு மணிக்கு அறைக்குப் போய்விட்டார், நான் காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஹால் டவாலி வெளியே வந்து பலவேசம் பலவேசம் பலவேசம் என்று மூன்று தடவை கூப்பிட்டார். பேர் கூப்பிடுவது எங்கள் தொழில், நானும் அப்படித்தான் ராகம் போட்டுக் கூப்பிடுவேன், ஆனால் என் தம்பி பேரை இன்னொருத்தன் அப்படி ராகம் போட்டு நான் கேட்டதில்லை. எங்கள் அம்மா கூப்பிட்டால் 'ஏலே பலேசு' என்பாள். அதற்கப்புறம் சத்தமே இல்லை. தீர்ப்பு முடிந்தால் காவலோடு வராந்தா வழியாக, எங்கள் ஹால் வாசலைத் தாண்டித்தான் படிக்கட்டுக்குக் கொண்டுபோவார்கள், எல்லாரையும் அப்படித்தான். வாசலுக்கு நேரே நான் நிற்பேன், பட்டையும் வில்லையுமாக. அவன் என்னைப் பார்ப்பான். பார்த்தால் எண்ணே என்று கூப்பிடுவான். வக்கீல்கள் நிற்கிறார்கள், குமாஸ்தாக்கள் நிற்கிறார்கள், எனக்கு டபேதாராக உத்தியோக உயர்வு வருகிற வருஷம் அது, பெரிய மகள் கல்யாணம் பேச்சில் இருக்கிறது. இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன் என்று சொன்னால் அதுவும் பொய், யோசிக்கவே இல்லை. நடந்து போய் ரிக்கார்டு ரூமுக்குள் புகுந்து, கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டேன். தூசியில் தும்மல் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு, போலீஸ் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கும் வரைக்கும் நின்றேன். அவன் எங்கள் ஹால் வாசலில் எட்டிப் பார்த்திருப்பான், நாற்காலிக்குப் பின்னால் ஆள் இல்லாததைப் பார்த்திருப்பான். இதைப் பதினாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நேரில் பார்த்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. அவன் சட்டையில் மேல் பொத்தான் இல்லை, கையில் விலங்கு, வாசலில் ஒரு நொடி நிற்கிறான், போலீஸ்காரர் தோளில் கை வைத்துத் தள்ளுகிறார், போகிறான். திரும்பவும் வாசலில் நிற்கிறான். அந்த வருஷம் ஒரே ஒரு தடவை ஜெயிலுக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, "தீர்ப்பப் படிச்சியாண்ணே?" என்று கேட்டான். இல்லை என்றேன். "படிச்சுட்டு வா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டு அடுத்த மாசமே போயிருப்பேன். நகலுக்கு மனுப் போட்டு வாங்கினேன், கட்டு வந்தது, பீரோவில் வைத்தேன், படிக்கவில்லை, அதனால் போகவும் இல்லை. கோமுதான் பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவை என்று துணிமணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். என்ன சொன்னான் என்று நான் கேட்கமாட்டேன். அவளும் நல்லாருக்காக என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

ஏழாவது நாற்காலியில் கை நின்றுவிட்டது. ஈட்டி மரம், உயர்ந்த முதுகு, நடுவில் பிரம்புப் பின்னல். மேல்விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. இழுத்தேன், சத்தமே இல்லாமல் வந்தது. தள்ளினேன், போய் நின்றது. முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒன்று எனக்கு வாய்க்கவில்லை. "எந்த வீட்டுது பாய்?" என்றேன். "வண்ணார்பேட்டைல ஒரு டாக்டரம்மா வீட்டுது. மகன் அமெரிக்கால இருக்காரு, மொத்தமா எடுத்துக்கிடுங்கன்னுட்டாரு. இருந்து பாத்து எடுங்க அண்ணாச்சி, அப்புறம் எங்கிட்ட வந்து நொட்டை சொல்லக்கூடாது." இருந்து பார்க்க என்ன இருக்கிறது, இதுதான் என்றேன். அவர் ஒரு விலை சொன்னார், நான் ஒன்று சொன்னேன், நடுவில் ஓர் இடத்தில் நின்றோம். எடுத்தாயிற்று. இனிச் சாக்கு இல்லை. வீட்டுக்குப் போய்ப் படிக்க வேண்டியதுதான். அவன் செய்திருந்தால் என்ன செய்வது என்பது ஒரு பயம், ஆனால் அது சின்ன பயம்தான். கொலைகாரனும் ரத்த சொந்தம்தான், சோறு போடலாம், பின்கட்டில் படுக்கச் சொல்லலாம், பேரப்பிள்ளைகள் வரும்போது கொஞ்சம் கவனமாக இருக்கலாம், ஊர் பேசும், பேசி ஓயும். செய்யாமல் இருந்தால்? தொண்ணூற்று நாலு பக்கத்தில் எங்காவது ஓர் இடத்தில், அட இது ஒட்டவில்லையே என்று எனக்குத் தோன்றிவிட்டால்? இத்தனை வருஷம் கோர்ட்டில் நின்றவன் காதுக்கு அது தெரியாமல் போகாது. அப்படித் தோன்றிவிட்டால் இந்தப் பதினாலு வருஷத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன். அதற்குப் பயந்துதான் படிக்கவில்லை. ஒருத்தரிடமும் சொன்னதில்லை, கோமுவிடம்கூட.

பாய் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு லோடு ஆட்டோவை வரவழைத்தார். ஓட்டுகிறவர் பேர் ஐசக் என்றார், நடுவயசு, காதில் பீடி செருகியிருந்தார். நாற்காலியைத் தூக்கிப் பின்னால் வைத்து, கயிற்றைத் தேடினார், கயிறு இல்லை. "அண்ணாச்சி, ஒண்ணு செய்யுங்க. நீங்க அதுலயே ஏறி இருந்துக்கிடுங்க. ஒங்க கனத்துல அது அசையாது." முன்னால் அவர் பக்கத்தில் இடம் இருக்கிறதே என்றேன். அங்கன அரிசி மூட்டை கிடக்கு என்றார். பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். ஏறினேன். வேறு என்ன செய்ய, வீடு போய்ச் சேர வேண்டுமே. பின்னால் நின்று பிடித்துக்கொண்டு வரலாமா என்று ஒரு கணம் பார்த்தேன், வண்டி கிளம்பிவிட்டது, குலுக்கலில் நாற்காலியே என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. அப்போதுதான் தெரிகிறது, என் கால் தரைக்கு எட்டவில்லை. முன்விளிம்பு தொடையில் வெட்டுகிறது, சாய்ந்தால் கால் அந்தரத்தில் தொங்குகிறது. அந்த டாக்டரம்மா ஆறடி இருந்திருப்பாள் போல. இழுப்பதற்கு இதைவிட நல்ல நாற்காலி கிடையாது, உட்காருவதற்கு இதைவிட மோசமானதும் கிடையாது. முப்பத்தொரு வருஷத்துப் புத்தி இதைத்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறது. சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவும் அசதியாக இருந்தது. பாலத்தில் ஏறியதும் ஆற்றுக் காற்று. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார்கள். கிழவனை நாற்காலியில் வைத்து ஊர்வலம் விடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள், செத்தவனைத்தானே அப்படிக் கொண்டுபோவது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டு நிற்கச் சுவரும் இல்லை, கறையும் இல்லை. பாலத்துக்கு நடுவில் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஏதோ லாரி பிரேக்டவுன் என்று ஐசக் தலையை வெளியே நீட்டிச் சொன்னார், எஞ்சினை அணைத்துவிட்டார். வெயில். மடியில் மஞ்சள் பை. சரி, என்ன ஆகிவிடப்போகிறது என்று கட்டை எடுத்தேன்.

முதல் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை, அங்கே அப்பா பேர் இருக்கிறது. கட்டைவிரல் அதுபாட்டுக்குக் கடைசிப் பக்கத்துக்குப் போயிற்று. கோர்ட்டில் குப்பை கொட்டினவன் எவனும் தீர்ப்பை முதலிலிருந்து படிப்பதில்லை. வக்கீல், குமாஸ்தா, டவாலி எல்லாரும் பின்னாலிருந்துதான் புரட்டுவார்கள், எத்தனை வருஷம் என்று மட்டும் பார்ப்பார்கள், மற்றதெல்லாம் மேல்முறையீட்டுக்குப் போகிறவன் பாடு. இந்தக் கட்டின் கடைசிப் பக்கம் எனக்குப் படிக்காமலே தெரியும் என்பதால்தான் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போனதில்லை. ஆயுள் சிறைத் தண்டனை, ஆயிரம் ரூபாய் அபராதம். ஆமாம், இருக்கிறது. அதற்கு முந்தின பக்கம் வெறும் சட்டப் பிரிவு. அதற்கும் முந்தின பக்கம், தொண்ணூற்றிரண்டு. குற்றவாளி என்று முடிவு செய்தபிறகு, தண்டனையைப் பற்றி நீ என்ன சொல்கிறாய் என்று அய்யா கேட்க வேண்டும், அவன் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும், அது முறை. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். வயசான அம்மா இருக்கிறாள், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் செய்யவில்லை, கருணை காட்டுங்கள். நானே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், கேட்காத மாதிரி நின்றிருக்கிறேன். பலவேசமும் அதைத்தான் சொல்லியிருப்பான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். 'தண்டனை குறித்து எதிரியிடம் வினவப்பட்டபோது, தண்டனையைப் பற்றித் தான் கூற ஏதுமில்லை என்றும், தன் மூத்த சகோதரர் அடுத்த நீதிமன்றத்தில் பணியில் நிற்பதாகவும், தன்னைப் பார்த்தால் அவர் தாங்கமாட்டார் என்றும், எனவே தன்னை வராந்தா வழியாக அல்லாமல் பின்புறப் படிக்கட்டு வழியாக அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இக்கோரிக்கை தண்டனைக்குத் தொடர்புடையது அல்ல எனினும், காவலர்களுக்கு அவ்வாறே அறிவுறுத்தப்பட்டது.' திரும்பவும் வாசித்தேன். அறிவுறுத்தப்பட்டது. அப்படியானால் அவன் வாசலில் நிற்கவே இல்லை. எட்டிப் பார்க்கவே இல்லை. நான் ரிக்கார்டு ரூமில் மூக்கைப் பொத்திக்கொண்டு அவனிடமிருந்து ஒளிந்து நின்ற அதே நேரத்தில், அவன் எனக்காகப் பின்படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தான். உயிர் போகிற நேரத்தில் கேட்பதற்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள், அதை எனக்காகச் செலவழித்துவிட்டான். படிச்சுட்டு வா என்றானே, இதைத்தான் சொன்னானா, இல்லை சூளையில் நடந்ததைச் சொன்னானா, தெரியவில்லை. அழுகை வந்தது. நடுப்பாலத்தில், உயர நாற்காலியில், இரண்டு பக்கமும் ஜனம் பார்க்க உட்கார்ந்து அழுதேன், எழுந்து நிற்கத் தோன்றவில்லை.

வீட்டு வாசலில் ஐசக்கும் கோமுவுமாக நாற்காலியை இறக்கினார்கள். "என்னங்க இது, ஒங்களுக்குக் கால் எட்டுமா?" என்று கேட்டவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஐசக் போனபிறகு மெதுவாக, "படிச்சுட்டீங்களா?" என்றாள். ஒரு பக்கம் படிச்சேன் என்றேன். மிச்சம்? மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம், இல்லை பார்க்காமலும் இருக்கலாம், செய்தானா இல்லையா என்று அவனே என்றைக்காவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "வெள்ளிக்கெழம எத்தன மணிக்கு விடுவாங்கன்னு தெரியுமா ஒனக்கு?" என்று மட்டும் கேட்டேன். "காலைல ஆறு ஆறரைக்கு விட்டுருவாகளாம். பெரிய கேட்டுல விட்டாலும் விடுவாக, சின்னக் கேட்டுல விட்டாலும் விடுவாக, சொல்ல முடியாதுன்னு ஜெயில்காரவுக சொன்னாக." அப்படியென்றால் நாலு மணிக்கே போய்விட வேண்டும். நீ சின்னக் கேட்டில் நில்லு, நான் பெரிய கேட்டில் நிற்கிறேன் என்றேன். எந்த வழியாக வந்தாலும் அவன் இந்தத் தடவை எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.